வாலில்லாத மாப்பிள்ளை

தருமபுரிக்குப் போகிறேன் என்றதும், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மரம் என்றேன். ஈப்போவில் நம் வீட்டைச் சுற்றி நிற்பதெல்லாம் தந்திக் கம்பமா என்றார். அவருடைய எரிச்சலுக்குக் காரணம் உண்டு. நான் மலேசியாவில் இல்லாத நாளெல்லாம் மாடியில் இருக்கும் என் போன்சாய்த் தொட்டிகளுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் அவர்தான்.

எனக்கு ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை உட்கார வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கேட்டே பிழைப்பு ஓடுகிறது. அந்தப் புத்தி மரத்திலும் தொற்றிக்கொண்டது. போன்சாய் வளர்ப்பவர்களுக்குள் நடக்கும் சண்டைகளில் பாதி, இது அந்த மரம்தானா என்பதைப் பற்றித்தான். தொட்டிக்குள் போனதும் எல்லா மரமும் இலையைச் சிறுக்க வைத்துக்கொள்கிறது. ஆல் எது, இச்சி எது, அரசு எது என்று பெற்றவளுக்கே குழப்பம் வந்துவிடும். எங்கள் சங்கத்தில் ஒருவர் அரசு என்று எழுதிக் காட்சிக்கு வைத்திருந்த தொட்டியை ஒரு சீனப் பெரியவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதன் கீழே உட்கார்ந்திருந்தால் புத்தருக்கு ஞானம் வந்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு யாரும் டீ குடிக்க நிற்கவில்லை.

மங்கை எனக்கு வாட்ஸாப் குழுவில் பழக்கம். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக நர்சரி வைத்திருக்கிறாள். பாறையைப் பிளந்து நிற்கும் மரங்களின் படங்களாக அனுப்பி என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியவள் அவள்தான். அந்த வளைவுகளை நேரில் பார்த்துக்கொண்டு போனால் தொட்டியில் கொண்டுவந்துவிடலாம் என்பது என் திட்டம். கிளம்பும் வாரத்தில், "மகன் பேர்ல ஒரு கல்யாணம் வச்சிருக்கறங்க்கா, இருந்து சாப்புட்டுட்டுப் போங்க" என்று குரல் செய்தி அனுப்பினாள். நான் கடைவீதிக்குப் போய் கல்யாணப் பெண்ணுக்கு ஒரு மாம்பழ நிறப் புடவை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

பெங்களூரிலிருந்து வந்த பஸ் என்னை இறக்கிவிட்டது ஒரு மேம்பாலத்தின் நட்டநடுவில். ஊர் எங்கே என்று கேட்டதற்குக் கண்டக்டர் பாலத்துக்குக் கீழே கையைக் காட்டிவிட்டு விசில் ஊதினார். ஈப்போவில் இப்படி இறக்கிவிட்டால் மறுநாள் பேப்பரில் வரும். இங்கே என்னோடு இறங்கிய ஒரு அம்மாள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பாலத்தின் சரிவில் வீட்டு மாடிப்படி இறங்குவதுபோல இறங்கிப் போய்விட்டார். நான் பெட்டியை உருட்ட, பெட்டி என்னை உருட்டியது. கீழே மங்கையின் மகன் மாதேசு பைக்கோடு காத்திருந்தான். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னான். வீடு வரைக்கும் வேறு வார்த்தை வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். கேழ்வரகுக் களியை நான் பக்குவமாக மென்றேன். அது பல்லில் ஒட்டி, அண்ணத்தில் ஒட்டி, பேச்சை அடைத்துவிட்டது. மெல்லக் கூடாதாம், குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டுமாம். நாற்பது ஐம்பது வருடமாக நன்றாக மென்று சாப்பிடு என்று சொல்லி வளர்க்கப்பட்ட தொண்டைக்கு இது பெரிய அதிர்ச்சி. நான்காவது உருண்டையில் கலை கைவந்தது. அதற்குப் பிறகு நிறுத்தத்தான் தெரியவில்லை.

கை கழுவியதும் பெட்டியைத் திறந்து புடவையை எடுத்து நீட்டினேன். மங்கை சிரித்த சிரிப்பில் அடுப்படியில் படுத்திருந்த பூனை வெளியே ஓடியது. கல்யாணம் மாதேசுக்கு இல்லை. ஒரு அரச மரத்துக்கும் ஒரு வேப்ப மரத்துக்கும்.

மாதேசுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல பையன், ஆனால் வாயைத் திறக்கமாட்டான். பார்த்த இடமெல்லாம் தட்டிப் போயிருக்கிறது. சோசியர், அரசையும் வேம்பையும் சேர்த்து நட்டு, வளர்ந்ததும் கல்யாணம் பண்ணி வையுங்கள், தடை விலகும் என்றிருக்கிறார். கம்பைநல்லூர்ப் பக்கம் அவர்களுக்கு இருக்கும் கொல்லை நிலத்தில், கிணற்று மேட்டில், மங்கை தன் கையாலேயே இரண்டையும் நட்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

மீதியைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் மரக்கல்யாணத்துக்கு வருகிறார்கள். பேருக்குத்தான் விருந்து. உண்மையில் மாப்பிள்ளையை, வீட்டை, வரப்போகும் மாமியாரை எல்லாம் ஒரே நடையில் எடைபோட்டுவிட்டுப் போவதற்கு. பெண்ணே நேரில் வருகிறாள். "இது ஒண்ணு கூடி வந்துட்டா போதுங்க்கா. இதுவும் போச்சுன்னா இனிமே எனக்குப் பொண்ணே பாக்க வேணாம்னு சொல்லிட்டான்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் காலையில் நர்சரியைச் சுற்றிக் காட்டினாள். லாரிகள் போகிற போக்கில் தூசியை வாரி இறைக்க, ஒரு ஆள் நாள் முழுவதும் இலைகளைக் கழுவிக்கொண்டே இருக்கிறார். ஆல் இலையைத் தடவினால் லேசாக மயிர் தட்டும், இச்சி வழவழவென்று வழுக்கும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிக் காட்டினேன். மங்கை விடவில்லை. கண்ணை மூடியிருந்த என் கையில் இதய வடிவில் ஒரு இலையைக் கொடுத்தாள். அரசு என்றேன். பூவரசு. பேரில்தான் அரசு இருக்கிறது, கிள்ளினால் ஒரு சொட்டுப் பால் வராது, அரசுக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. இலை கழுவும் ஆள் சிரிப்பை மறைக்க அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எதிர்ச்சாரியில் நின்ற நிஜ அரச மரத்திலிருந்து ஒரு இலையைப் பறித்து, இனி ஏமாறக் கூடாது என்று கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றே சித்தேரி மலைக்குப் போனோம். அரூரில் ஏறிய பஸ்ஸில் எங்களோடு இரண்டு ஆடும் ஒரு புது மிக்சியும் ஏறின. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, நீங்க யாழ்ப்பாணமா என்றார். மலேசியா என்றதும், உங்க பூர்வீகம் எந்த ஊரு என்றார். தெரியாது என்றேன். அது எப்படித் தெரியாமல் போகும் என்று அவர் மலையடிவாரம் வரைக்கும் வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தம் இதுவரை வந்ததில்லை.

ஒரு வளைவில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. டிரைவர் அலட்டிக்கொள்ளாமல் இறங்கிப் போய் எஞ்சினுக்குத் தண்ணீர் தேட, ஆண்கள் இரண்டு பேர் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார்கள். அந்த வேகத்தைப் பார்த்தால் கல் வைப்பதும் டிக்கெட்டில் சேர்த்திதான் போலிருக்கிறது. எல்லாரும் இறங்கினோம். நிமிர்ந்தால் எதிரே பாறை. அதன் வெடிப்பில், வேரை உருக்கி ஊற்றியதுபோல வழியவிட்டுக்கொண்டு ஒரு மரம். நான் இரண்டாயிரம் மைல் தாண்டி வந்தது இதற்குத்தான்.

மங்கை அண்ணாந்து பார்த்து, அரசு என்றாள். எனக்குள் இருக்கும் கடைக்காரி விழித்துக்கொண்டாள். பாறையில் தொற்றி ஏறி ஒரு இலையைப் பறித்து, கைப்பையில் இருந்த அரச இலையை அதன் பக்கத்தில் வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று ஆரம்பித்தேன். அரச இலைக்கு நுனியில் விரல் நீளத்துக்கு வால் இருக்கிறது. இதற்கு வால் இல்லை. சும்மா கூராக முடிகிறது. இதன் காம்பும் நரம்பும் சிவப்பு. அரசுக்கு அவ்வளவு சிவப்பு கிடையாது. காயும் வேறு மாதிரி. அரசில் இலை இருக்கும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், இதில் இலை உதிர்ந்த வெறுங்கிளையில் கொத்தாக இருக்கும். பஸ்ஸில் வந்தவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். மிக்சிக்காரர், கல்லரசுங்க அது, மேலே எல்லாப் பாறையிலும் அதுதான் என்றார். அந்தப் பேர்தான் எனக்கு மறந்திருந்தது. நான் குளிர்ந்துபோய் நின்றேன். மங்கை மட்டும் அந்த வாலில்லாத இலையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே சாமைச் சோறும் கொள்ளு ரசமும் கிடைத்தன. ஈப்போவில் இதே சாமையை மருந்துக் கடை மாதிரி ஒரு கடையில், சின்னப் பொட்டலமாக, பெரிய விலைக்கு விற்கிறார்கள். நான் இரண்டாவது தடவை சோறு வாங்கினேன். மங்கை தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, அந்த வாலு, கொஞ்சம் வயசானப்பறம் வளருமுங்களா?"

யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு வைக்கும் மரம் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கக் கூடாது என்று, அவள் நர்சரிச் செடியை எடுக்காமல், கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பாறை ஒன்றிலிருந்து தானே ஒரு கன்றைப் பெயர்த்து வந்திருக்கிறாள். கன்று சின்னது. வால் பிறகு வரும் என்று நினைத்திருக்கிறாள். மூன்று வருடம் வாலுக்காகக் காத்திருக்கிறாள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். நர்சரி வைத்திருக்கும் பொம்பளைக்கு அரசு எது என்று தெரியவில்லை, சோசியர் சொன்ன பரிகாரத்தையே தப்பாகப் பண்ணிவிட்டாள் என்று நாளைக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர்கள் முன்னால் வெளிவந்தால் என்ன ஆகும் என்பது எனக்குப் புரிந்தது.

கல்யாணக் காலையில் விடிந்ததும் கொல்லைக்குப் போனோம். கிணற்று மேட்டில் மாப்பிள்ளை ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. பக்கத்தில் பெண் இன்னும் உயரம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சிவந்த காம்பு. வால் மருந்துக்கும் இல்லை. கல்லரசேதான்.

மங்கை நிமிடத்தில் முடிவுக்கு வந்தாள். முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாது. சமையல்காரர் அடுப்பு மூட்டிவிட்டார். பூசாரிக்கு வித்தியாசம் தெரியாது. மாப்பிள்ளைக்குப் பெரிய தலைப்பாகையாகக் கட்டி, மாலையையும் இரண்டாகப் போட்டுவிட்டால் கீழ் இலைகள் மறைந்துவிடும். மேலே யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? ஆபத்து என்று அவள் நினைத்தது என்னைத்தான். "நீங்க மட்டும் வாயத் தொறக்காம இருந்துட்டீங்கன்னா போதுங்க்கா" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். என் மாம்பழ நிறப் புடவையை வேப்ப மரத்துக்கு நானே கொசுவம் வைத்துக் கட்டினேன். நிறம் பொருத்தமாகத்தான் இருந்தது.

பாலக்கோட்டுக்காரர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா ரங்கப்பா, அம்மா லட்சுமம்மா, பெண் காவ்யா. காவ்யாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவர்கள் வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். மங்கை ஓடி ஓடி உபசரித்தாள். காவ்யா மரியாதையாக, தேங்க்ஸ் ஆன்ட்டி என்றாள். மங்கை என்னிடம் வந்து, ஆன்ட்டிங்குறாக்கா, கேஸ் சிலிண்டர் போட வர்ற ஆளுகூட அப்படித்தான் கூப்புடுறான் என்று முணுமுணுத்தாள். மாதேசு ஒரு தூணாக ஒதுங்கி நின்றான்.

ரங்கப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரங்களைச் சுற்றி வந்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றார். அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்ற மங்கை அவர் கண் போகும் கிளையெல்லாம் தானும் பார்த்தாள். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் என்னவோ சொன்னார். அதில் 'அரளி' என்ற ஒரு வார்த்தை எங்கள் எல்லார் காதிலும் தெளிவாக விழுந்தது.

அரளி என்றால் விஷச் செடி. மாப்பிள்ளை அரளியாம் என்று பின்னால் ஒரு குரல் கிளம்பி, அடுப்படி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மங்கைக்கு மடை உடைந்துவிட்டது.

"அரளி இல்லீங்க. சத்தியமா அரளி இல்லீங்க."

ரங்கப்பா திடுக்கிட்டுப் போனார். "அரளி இல்லீங்களா? அப்பறம் என்ன மரத்துக்குக் கல்யாணம் பண்றீங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காவ்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள்தான் விளக்கினாள். கன்னடத்தில் அரளி என்றால் அரச மரம். அப்பா, அரச மரம் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று பாராட்டியிருக்கிறார். அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மங்கை வலியப் போய், இது அரசு இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? மங்கை தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். கல்லரசுங்க, நேத்துதான் தெரியும், மறைக்கத்தான் பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பூசாரி பார்வையைக் கிணற்றுக்குள் செலுத்தினார்.

அப்போதுதான் தூண் நகர்ந்தது. மாதேசு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, "பாறையிலருந்து பேத்துக்கிட்டு வந்து நட்டது நாந்தாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். மங்கை பதறிப்போய், இல்லீங்க நாந்தாங்க என்றாள். காவ்யா அவனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "மூணு வருசமா ஓசூர்ல இருக்கறதா பயோடேட்டாவுல போட்டிருக்கீங்க. இங்க எப்ப வந்து நட்டீங்க?" என்றாள். மாதேசு காது மடல் வரைக்கும் சிவந்து, ஞாயித்துக்கெழம என்றான். காவ்யா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ரங்கப்பாவுக்கு மனம் சமாதானம் ஆகவில்லை. அரசுக்கு என்று சொன்ன கல்யாணத்தை வேறொன்றுக்குப் பண்ணலாமா? நீங்கள் படித்தவர்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று என்னிடம் திரும்பினார். நான் மங்கையைப் பார்த்தேன். சத்தியத்திலிருந்து விடுதலை என்று தலையசைத்தாள். பதற்றத்தில் எனக்குப் புத்தகத் தமிழ்தான் வந்தது. இரண்டும் ஒரே பேரினம், இனம் மட்டும்தான் வேறு என்றேன். ரங்கப்பா விழித்தார். பூசாரியும் விழித்தார்.

லட்சுமம்மா முன்னால் வந்து, தலைப்பாகைக்குள் கையை விட்டு ஒரு இலையைக் கிள்ளினார். வெள்ளையாகப் பால் சொட்டியது. பூவரசாக இருந்திருந்தால் நாங்கள் அந்த நிமிடமே தொலைந்திருப்போம். அவர் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்துச் சொன்னார். "பாலு ஒண்ணுதான. அரசுக்கு இது பங்காளின்னு அந்தம்மா சொல்றாங்க."

ரங்கப்பா யோசித்தார். பங்காளி என்றதும் கணக்கு அவருக்குத் தெரிந்த கணக்காகிவிட்டது. அண்ணன் தம்பி வகையறாவில் ஒருவனுக்குக் கட்டும் முறை இருந்தால் இன்னொருவனுக்கும் உண்டு. வேம்பு அரசுக்கு முறைப்பெண் என்றால் கல்லரசுக்கும் முறைப்பெண்தான். "மொற சரியாத்தான் வருது" என்றார். பூசாரி உயிர் வந்தவராக, மாப்பிள்ளை பேரை என்னவென்று சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கல்லரசன் என்றே சொல்லித் தாலியை எடுத்து வேம்புக்குக் கட்டினார். மேளக்காரர்கள் பிளந்து கட்டினார்கள். தாவர சாஸ்திரம் இவ்வளவு சுருக்கமாக முடிந்ததை நான் எங்கள் சங்கத்தில் பார்த்ததே இல்லை.

பந்தி பாயில் உட்கார்ந்தோம். எனக்கு ஒரு பக்கம் காவ்யா, எதிர் வரிசையில் ரங்கப்பா. அவர் வடையைப் பாராட்டினார், பருப்பைப் பாராட்டினார், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று விசாரித்தார். பெண் விஷயமாக ஒரு வார்த்தை இல்லை. கேட்க மங்கைக்குத் துணிச்சல் வரவில்லை. மரத்துக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, மகனுக்கு இதுவும் போயிற்று என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ரச வாளியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வரிசையில் வந்தாள். எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

காவ்யா சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"இங்க கொஞ்சம் ரசம் ஊத்துங்க அத்தை."

ரங்கப்பாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. லட்சுமம்மா குனிந்து அப்பளத்தை நொறுக்கினார். பந்தலோரம் தண்ணீர் ஜக்கோடு நின்ற மாதேசு யார் டம்ளரிலோ ஊற்றுவதாக நினைத்துத் தரையில் ஊற்றினான். மங்கை திரும்பி வந்து, கரண்டியை வாளியில் விட்டு, ஊற்றினாள். போதும் என்று அந்தப் பெண் சொன்னது அவள் காதில் விழவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தாள். ரசம் குழியை நிரப்பி, இலையைத் தாண்டி, பாயில் ஓடி என் புடவையை நனைத்தது. நான் நகரவில்லை.